செஞ்சியில எறங்கி வண்டி மாறு

பேராண்டி, நீ அனுப்பி வெச்ச காசிக் கவிதைங்களைப் படிச்சேன். கண்ணாடி போட்டுக்கினு ஒரு தடவை, கழட்டி வெச்சுட்டு ஒரு தடவை. பெருசா வித்தியாசம் தெரியலை. கங்கை மௌனமா ஓடுது. படித்துறை மௌனமா உக்காந்துக்கினு இருக்குது. பொணம் மௌனமா எரியுது. பக்கத்துல நீயும் மௌனமா நிக்கிற. ஏண்டாப்பா, நானும் உங்க ஆயாவும் காசிக்குப் போயிருக்கோம். அந்த ஊர்ல வாயை மூடிக்கினு இருந்த ஒரே ஆளு எங்ககூட வந்த வல்லத்துக்காரர்தான். அவருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. மத்தபடி ரிக்சாக்காரன் மணி, படகுக்காரன் பேரம், சந்துல எதிர்ல வந்து நிக்கிற காளைமாடு, அதை ஒதுங்கச் சொல்லிக் கத்துற பத்து பேரு. மணிகர்ணிகைத் துறையில பொணம் எரிக்கிற விறகைத் தராசுல நிறுத்துக் குடுக்குறான். அப்பனைத் தூக்கிக்கினு வந்த மகன், கண்ணைத் தொடச்சிக்கினே முள்ளு நேரா நிக்குதான்னு குனிஞ்சு பாக்குறான். அந்தத் தராசு உன் கவிதையில எங்கடா?

கிழவனுக்குப் புதுக்கவிதை இன்னா தெரியும்னு நெனைப்ப. நியாயம்தான். நான் விசில் ஊதிப் பொழைச்சவன். ஆனா ரிடயர் ஆனதுலேருந்து மத்தியானம் நூலகத்துக்குப் போய்க்கினு இருக்கேன், மின்விசிறிக்காக. காத்து நல்லா வர்ற மூலையிலதான் கவிதை அலமாரி. அந்தப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க, தூக்கம் கெடாது. தூக்கம் புடிக்காத நாள்ல ஒண்ணு ரெண்டு பொஸ்தகத்தை எடுத்துப் பொரட்டினேன். இங்கிலீசுல இருக்கறதை ரிடயர்டு வாத்தியார் ஒருத்தர் வரிக்கு வரி சொல்லுவாரு. அவருக்குக் கேக்க ஆள் வேணும், எனக்குப் பொழுது போவணும்.

காசிக்குப் போனா எதையாவது விட்டுட்டு வரணும்னு நம்ம பக்கத்துல ஒரு வழக்கம் இருக்குதே, தெரியுமா? ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. ஆசையாத் தின்ற பொருளா இருக்கணும், சாவுற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. உங்க ஆயா காயில பாவக்காயை விட்டா. பொறந்ததுலேருந்து அதை நாக்குல வெச்சவ இல்லை. பழத்துல ஏதோ ஒரு பழம் சொன்னா, அது செஞ்சி மார்க்கெட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் வந்து சேரலை. எலையில நான் வெத்தலையை விட்டேன். பொகையிலையையும் விடணும்னு யாரும் சொல்லலை, நானும் கேக்கலை. ஏமாத்துறவன் ஏமாத்துவான், அது கெடக்கட்டும். ஆனா வழக்கம் போட்டவன் வெவரமானவன். யாத்திரைக்காரன் ஒரு ஊருக்குப் போறது விட்டுட்டு வர்றதுக்கு. நீங்க எல்லாம் போறது பொறுக்கிக்கினு வர்றதுக்கு. போவும்போது ஒரு பை, வரும்போது ரெண்டு பை. சாம்பல், தீ, நதி, நித்தியம், காவி, புகை, அது மேல மௌனத்தைப் போட்டு ஒரு கட்டு.

சிவபெருமானே காசிக்கு விடத்தான் போனாரு. பிரம்மாவோட தலையைக் கிள்ளின பாவத்துக்கு அந்த மண்டையோடு கையிலேயே ஒட்டிக்கிச்சு. எங்க போனாலும் கூடவே வருது. காசியில கபாலமோசன தீர்த்தத்துலதான் அது கையை விட்டு எறங்குச்சுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. இல்லை, மேல்மலையனூர்ல அங்காளம்மா சோத்தை எறைச்சு, அதைப் பொறுக்க எறங்கின மண்டையோட்டை அங்கேயே மிதிச்சுட்டான்னு நாம சொல்றோம். ரெண்டுல எதுன்னு தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு இல்லை. மலையனூர்தான்.

பாரதி நாலு வருசம் காசியில கெடந்தாரு. 1898-ல அப்பா தவறினதும் அத்தை குப்பம்மாள் வூட்டுக்குப் போனாரு, அனுமான் கட்டத்துல. அங்க அவரு விட்டது குடுமி. அதுக்குப் பதிலா மீசையும் முண்டாசும் வந்துச்சு. இப்ப நீ சட்டையில போட்டுக்கினு திரியிற படம் இருக்குதே, அந்தத் தோரணை காசியில புடிச்சது. சரி, அத்தனை வருசம் கங்கைக்கரையில குடியிருந்தவர், பாரத தேசம் பாட்டுல காசியைக் கொண்டாந்தாரே, எதுக்குக் கொண்டாந்தாரு? அங்க புலவருங்க பேசுறது காஞ்சிபுரத்துல கேக்கணும், அதுக்கு ஒரு கருவி செய்யணும்னு. படித்துறை இல்லை, பொகை இல்லை, பொணம் இல்லை. ரேடியோவுக்கு ஆர்டர் குடுத்துட்டுப் போயிட்டாரு. ரேடியோ நம்ம ஊர்ல கால் வெக்கிறதுக்கு எத்தனையோ வருசம் முன்னால! தினமும் பாத்தவனுக்கு ஊரு இன்னா சொல்லுதுன்னு கேக்குது. வெள்ளிக்கிழமை ராத்திரி கெளம்பி ஞாயித்துக்கிழமை திரும்பறவனுக்கு மௌனமாத்தான் இருக்கும்.

திருவாரூர்ல பொறந்தா முக்தி, காசியில செத்தா முக்தி, தில்லையைப் பாத்தா முக்தி, அண்ணாமலையை நெனைச்சாலே முக்தின்னு சொல்லி வெச்சவன் எவனோ, கவிஞனுங்களுக்குப் பெரிய உபகாரம் பண்ணிட்டான். நாலுல செலவில்லாதது கடைசி. அதான் உங்க கூட்டத்துல பாதிப் பேரு கோடம்பாக்கத்துல டீ குடிச்சிக்கினே கிரிவலம் எழுதுறீங்க. நெனைச்சாப் போதும்னு சொன்னது முக்திக்குடா. கவிதைக்கு இல்லை.

அண்ணாமலைன்னதும் ஒரு டிக்கெட்டு விசயம் ஞாபகம் வருது. கண்டக்டருக்கு அதுதானே புராணம். திருச்சுழி வேங்கடராமன், பதினாறு வயசுப் பையன், பிற்பாடு ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் கடைசியில மதுரையை விட்டுக் கெளம்பறான். அண்ணனோட காலேஜ் பீசு அஞ்சு ரூபா கையில இருக்குது, அதுல மூணை எடுத்துக்கினு மிச்சம் ரெண்டைக் கடுதாசியோட வெச்சுட்டான். நீயா இருந்தா அஞ்சையும் எடுத்திருப்ப. பழைய பூகோளப் படத்தைப் பாத்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்துல திண்டிவனம்தான் ஸ்டேஷன்னு முடிவு பண்ணி, ரெண்டு ரூபா பதிமூணு அணாவுக்கு டிக்கெட்டு எடுத்தான். வண்டியில கூட உக்காந்திருந்த ஒரு மௌல்வி, தம்பி, விழுப்புரத்துலேருந்து புது லைன் போட்டாச்சு, அங்க எறங்கி மாறுன்னு சொன்னாரு. அவரு சொல்லாம விட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் யோசி. பையன் திண்டிவனத்துல எறங்கியிருப்பான். கையில மிச்சம் சில அணாதான். நடந்துதான் போவணும். திண்டிவனத்துலேருந்து அண்ணாமலைக்கு ரோடு எப்படிப் போவுது? செஞ்சி வழியாத்தான். நம்ம தெருவுல தண்ணி கேட்டுக் குடிச்சிருப்பான். ஒரு மௌல்வியோட நல்ல மனசால செஞ்சிக்கு ஒரு மகரிஷி தவறிப் போச்சு.

விழுப்புரத்துலேருந்து மாம்பழப்பட்டு வரைக்கும் கையில இருந்த அணாவுக்கு டிக்கெட்டு. அப்புறம் நடை. கீழூர்ல காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வெச்சு, ரசீதைக் கிழிச்சுப் போட்டுட்டு, திருக்கோவிலூர்ல ரயில் ஏறி, செப்டம்பர் 1-ந் தேதி போய்ச் சேந்தாரு. கோயிலுக்குப் போயிட்டு வெளிய வந்ததும் இன்னா பண்ணாரு? ஐயங்குளத்துல மிச்சக் காசு, பலகாரப் பொட்டலம் எல்லாத்தையும் எறிஞ்சாரு. முடியை எறக்கினாரு, பூணூலைக் கழட்டினாரு. பாத்தியா, விட்டுட்டுத்தான் அங்க தங்குறாரு. பாட்டு எல்லாம் எத்தனையோ வருசம் கழிச்சு. அதுவும் அவராப் போயி எழுதலை. விருபாட்ச குகையில இருக்கையில கூட இருந்த சாமியாருங்க ஊருக்குள்ள பிச்சைக்குப் போவாங்க. நமக்குன்னு ஒரு பாட்டு இருந்தா ஜனங்க அடையாளம் கண்டுக்கினு போடுவாங்கன்னு கேட்டாங்க. அப்படி வந்ததுதான் அருணாசல அட்சரமணமாலை, நூத்தெட்டுக் கண்ணி. மலையைப் புருசனா வெச்சுப் பொண்ணு பாடற பாட்டு. பாடுன தெருவுல திருவோடு நெறைஞ்சுது. உன் பொஸ்தகம் எத்தனை பேருக்குச் சோறு போட்டுச்சுன்னு நான் கேக்கலை. பதிப்பாளரு முகத்தைப் பாத்தாலே தெரியுது.

நான் அண்ணாமலையைப் பாத்தது பௌர்ணமி ஸ்பெஷல் வண்டியில. சாயங்காலம் செஞ்சியில ஏறுறவங்களுக்கு இருக்குற பக்திக்கு வண்டி கூரை தூக்கிக்கும். ஆலம்பூண்டி தாண்டறதுக்குள்ள அண்ணாமலைக்கு அரோகரா கெளம்பும், டிக்கெட்டு டிக்கெட்டுன்னு நான் கத்தறது ஓட்டுநருக்கே கேக்காது. கீழ்பென்னாத்தூர் வந்தா அவனவன் எழுந்து நின்னு சன்னல்ல மலை தெரியுதான்னு பாப்பான். மலை தெரிஞ்சதும் என் தோள் மேல கையை வெச்சுக் கன்னத்துல போட்டுக்குவான். அதே ஜனம் விடியக்காலம் மூணு மணிக்குத் திரும்பும். பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாம நடந்த காலு. ஒருத்தர் வாயிலேருந்தும் சத்தம் வராது. கொட்டாவி மட்டும் வரும். ஒரு அம்மா, நல்ல உசரம், குதிகால்ல கொப்புளம் ஒடைஞ்சு தார்ல ஒட்டின கறுப்போட, காலைத் தூக்கி எதிர் சீட்டுக் கம்பி மேல வெச்சுக்கினு தூங்கினா. மடியில முறுக்குப் பொட்டலம், பேரனுக்கு. வாய் பொளந்து கெடந்துச்சு, நெத்தியில விபூதி வேர்வையில கரைஞ்சு புருவத்துல நின்னுச்சு. செஞ்சின்னு கூவினேன். கண்ணைத் தொறந்து, சாமியைக் கும்பிட மறந்துட்டேன்யா, கூட்டத்துல தள்ளிக்கினே வந்துட்டேன்னு சொல்லிட்டு எறங்கிப் போனா. அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சேக்க மாட்டேன். நீயா இருந்தா அவ காலடியில பிரபஞ்சத்தைக் கொண்டாந்து வெச்சிருப்ப.

இப்பிடி பஸ்ஸுலேருந்தே ஒரு புண்ணியத் தலத்தைப் பாத்த ஆளு ஒருத்தர் இருக்காருன்னு வாத்தியார் சொன்னாரு. அருண் கொலாட்கர். கோலாப்பூர்ல பொறந்து பம்பாயில விளம்பரக் கம்பெனியில படம் போட்டுப் பொழைச்சவர், மராத்தியிலயும் எழுதுவாரு இங்கிலீசுலயும் எழுதுவாரு. பூனா பக்கத்துல ஜெஜூரின்னு ஒரு ஊரு, மலை மேல கண்டோபா சாமி. மஞ்சளை அள்ளி அள்ளி வீசுவாங்க, படி எல்லாம் மஞ்சளாக் கெடக்கும். அந்த ஊர் பேரையே வெச்சு 1976-ல ஒரு பொஸ்தகம் போட்டாரு, அடுத்த வருசம் காமன்வெல்த் கவிதைப் பரிசு வாங்குச்சு. தொடக்கமே கவர்மெண்டு பஸ்ஸுதான்! தார்ப்பாயைப் போட்டு சன்னலை மூடி வெச்சிருக்கான், வெளிய ஒண்ணும் தெரியலை, எதிர்ல உக்காந்த கிழவரோட மூக்குக் கண்ணாடியில தன் மூஞ்சி ரெண்டாத் தெரியுது, அவ்வளவுதான் அவருக்குக் கெடைச்ச இயற்கைக் காட்சி. கேட்டதும் எழுந்து உக்காந்துட்டேன். அந்த வண்டியில நான் வேலை பாத்திருக்கேன்டா.

அங்க பூசாரி பஸ்ஸு வருதான்னு வழியைப் பாத்துக்கினு நிக்கிறாரு. பக்தர் வந்தாத்தான் அவருக்குச் சோறு. இடிஞ்ச கோயில் ஒண்ணுல தெருநாய் குட்டி போட்டிருக்குது. கும்பிடுற எடமா இல்லாமப் போனாலும் அது சாமி வூட்டுக்குக் கொறைஞ்சது இல்லைன்னு கொலாட்கர் முடிச்சுடுறாரு, அவ்வளவுதான். கோயில்னு நெனைச்சு எட்டிப் பாத்தா உள்ள கன்னுக்குட்டி, அது மாட்டுக் கொட்டாய். வாசப்படின்னு மிதிக்கப் போனா அது படி இல்லை, படுத்துக் கெடக்குற தூண். திரும்பி ரயிலடிக்குப் போற வழியில வயல்ல சேவலும் கோழியுமா ஒரு டசன் குதிச்சுக் குதிச்சு ஆடுதுங்க, கோயில்ல கெடைக்காதது அவருக்கு அங்க கெடைக்குது. திட்டலை, கும்பிடவும் இல்லை. பக்தியையும் விட்டுட்டாரு, பக்தியைக் கேலி பண்ற பவுசையும் விட்டுட்டாரு. ரெண்டாவதை விடறது ரொம்பக் கஷ்டம். சென்னையிலேருந்து வர்ற பயலுங்களுக்கு அது இன்னும் கஷ்டம்.

தூண்னு சொன்னதும் வயிறு எரியுது. ஜெஜூரித் தூண் படுத்தாலும் சொந்த ஊர்லயே படுத்துச்சு. நம்ம கோட்டைக்குள்ள வேங்கடரமணர் கோயில் தூண் எங்க இருக்குது? புதுச்சேரி பீச்சுல, காந்தி சிலையைச் சுத்தி. 1750-ல பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் புடிச்சான், 1761 வரைக்கும் வெச்சிருந்தான், தூணை ஒடைக்காம தூக்கிக்கினு போயிட்டான். நீ அங்க போயி நின்னு எடுத்த போட்டோவைப் பாத்தேன். கடலைப் பத்தி எழுதியிருந்த. முதுகுக்குப் பின்னால நின்னது உன் ஊருடா. அந்த மராத்திக்காரங்க இப்ப இங்க கூட்டம் கூட்டமா வர்றாங்க, சிவாஜி 1677-ல புடிச்ச கோட்டைன்னு. 2025 ஜூலையில யுனெஸ்கோ பன்னெண்டு மராட்டியக் கோட்டையைப் பட்டியல்ல சேத்துச்சே, பதினொண்ணு அவங்க ஊர்ல, ஒண்ணு நம்ம செஞ்சி. ராஜகிரி ஏறி எறங்கினவனுக்கு மூச்சு வாங்குது, வாசல்ல மல்லாட்டை விக்கிற பொம்பளைகிட்ட சோடா கேக்குறான். ஜுல்பிகார் கான் இதே மலையைச் சுத்தி 1690-லேருந்து 1698 வரைக்கும் கெடந்தான், ஜெயிச்சும் போனான். அவனுக்கு ஒரு பாட்டு உண்டா? ஒரு வருசம்கூட முழுசா ஆளாம 1714-ல இருபத்திரண்டு வயசுல செத்த தேசிங்குக்கு, அவன் குதிரைக்கு, அவன் முஸ்லிம் சிநேகிதனுக்குன்னு ஊரூராப் பாட்டு.

ஒடிசாவுல ஜெயந்த மகாபாத்ரன்னு ஒருத்தர், கட்டாக்குக்காரர், பௌதிகம் சொல்லிக் குடுத்த வாத்தியார். 1866 பஞ்சத்துல அவங்க தாத்தா கிறிஸ்தவரா மாறிட்டாரு. பூரி ஜெகந்நாதர் கோயில்ல இந்து அல்லாதவங்களை உள்ள விட மாட்டாங்க. அதனால அவரு பூரியைப் பத்தி எழுதினப்ப, வெளிய நின்னு பாக்குற கண்ணு இருக்குது. விடியக்காலையில கோயிலுக்குள்ள போவக் காத்துக்கினு இருக்குற வெள்ளைச் சேலை விதவைங்க, காக்கா, மணல்ல கெடக்குற ஒரு மண்டையோடு. நடுவுல, தன்னை இங்க எரிக்கணும்னு அம்மா கேட்ட கடைசி ஆசை. உள்ள போயி தரிசனம் பண்ணிட்டு வந்தவனுக்கு அந்த விதவைங்க கண்ணுல பட்டிருப்பாங்களா? நமக்கு இது புதுசு இல்லை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு சொல்லிச் சொல்லியே ஏங்கின நந்தன் கதையை கோபாலகிருஷ்ண பாரதி பாட்டாப் பாடி நாடே அழுதுச்சு. சிதம்பரத்தைத் தீட்சிதர் எத்தனை பேரு பாத்திருப்பாங்க. பாட்டுல நின்ன சிதம்பரம் மதிலுக்கு வெளிய நின்னவனோடது. உனக்கு எங்க போனாலும் ஸ்பெஷல் தரிசன டிக்கெட்டு எடுத்துக் குடுக்க மாமனார் இருக்காரு. அங்கதான் வந்துச்சு வினை.

ஜெருசலேமுன்னா மூணு மதத்துக்கும் புண்ணிய ஊரு, கல்லுக்குக் கல்லு சண்டை. அங்க யெகூதா அமிகாய்னு ஒரு கவிஞர், 1924-ல ஜெர்மனியில பொறந்து சின்னப் பையனா அங்க வந்து சேந்தவர். ஒரு நாளு காய்கறி, பழம் ரெண்டு கூடை நெறைய வாங்கிக்கினு, கை வலிக்குதுன்னு கோட்டைப் படியில உக்காருறாரு. சுத்திக் காட்டுறவன் ஒருத்தன் வெளியூர்க் கூட்டத்தை நிறுத்தி, அதோ கூடையோட உக்காந்திருக்காரே, அவரு தலைக்கு வலப்பக்கம் தெரியிறதுதான் ரோமாபுரிக் காலத்து வளைவுன்னு கைய நீட்டுறான். அவரு நெனைச்சுக்கினாராம்: என்னிக்கு அந்தாளு, வளைவு கெடக்கட்டும், பக்கத்துல ஒருத்தன் வூட்டுக்குக் காய் வாங்கிக்கினு உக்காந்திருக்கான் பாருங்கன்னு சொல்றானோ அன்னிக்குத்தான் இந்த ஊருக்கு விமோசனம்னு. வாத்தியார் சொல்லி முடிச்சதும் நான் இன்னா காய்னு கேட்டேன். எழுதலையாம். அது ஒண்ணுதான் எனக்குக் கொறை.

புதுக்கவிதைக்குத் தமிழ்ல அப்பன்னு நீங்க கும்பிடுற ந. பிச்சமூர்த்தி கும்பகோணத்துக்காரர், தெருவுக்குத் தெரு கோயில் இருக்குற ஊரு. வக்கீலா இருந்து, அப்புறம் கோயில் நிர்வாக அதிகாரியா வேலை பாத்தவர். யோசிச்சுப் பாரு. வரவு செலவு, குத்தகை பாக்கி, கோயில் நெலத்துக்கு வாய்க்கா வழக்கு, இத்தனையையும் பைல்ல கட்டி வெச்சுட்டு வூட்டுக்கு வந்து யாப்பை விட்டுட்டு எழுதுறாரு. உண்டியல் காசு சத்தம் கேட்ட காதுடா அது.

வெளியூர் ஆளுங்களைச் சொன்னா நீ மதிப்ப. உள்ளூர்ல நடந்ததைக் கேளு. சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்று, நீ சின்னப் பையனா ஏறி எறங்கின பாறை. இருபத்துநாலு தீர்த்தங்கரரை ரெண்டு வரிசையா செதுக்கி வெச்சிருக்காங்களே, அங்கேயே ஒரு கல்வெட்டு. சந்திரநந்தின்னு ஒரு சமண ஆசிரியர் அம்பத்தேழு நாளு சாப்பாட்டை விட்டு உயிரை விட்ட எடம். ஆயிரத்து நானூறு ஆயிரத்து ஐநூறு வருசமாச்சு. செதுக்கினவன் இன்னா சொன்னான்? பேரு, எத்தனை நாளு, இன்னா எடம். முடிஞ்சுது. அந்தாளு கண்ணுல ஒளி தெரிஞ்சுதுன்னு இல்லை, பாறை அழுதுச்சுன்னு இல்லை. உளியில ஒவ்வொரு எழுத்துக்கும் கை நோவும், அதனால வீண் சொல்லு வராதுன்னு நீ சொல்லலாம். உனக்கும் ஒரு உளி வாங்கித் தர்றேன்.

விழுப்புரம் ரோட்டுப் பக்கம் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் கொடைஞ்ச குகைக் கோயில், பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும். அந்த ராசா கல்வெட்டுல கோயிலோட பெருமையைப் பேசலை, எதெது இல்லாம கட்டினேன்னு பேசுறான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. அதுவரைக்கும் கோயில்னா அந்த நாலும்தானே! நாலையும் விட்டுட்டு, தெம்பு இருந்தா நில்லுன்னு பாறைகிட்டச் சொல்லிட்டான். இன்னிக்கும் நிக்குது. ஒருநாள் போயி அந்தத் தூணுகிட்ட நின்னு பாரு. உன் நாலு எதுன்னு உனக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னா கோவிச்சுக்குவ.

அந்த ராசா லேசுப்பட்ட ஆளு இல்லை. காஞ்சிபுரத்தை வெச்சு மத்தவிலாசம்னு ஒரு நாடகம் எழுதினான். புண்ணிய ஊரு, அவனுக்குத் தலைநகரமும் அதுதான். அதுல இன்னா காட்டுறான்? ஒரு காபாலிகன் நல்லாக் குடிச்சுட்டு பிச்சை வாங்குற மண்டையோட்டைத் தொலைச்சுடுறான். புத்த பிட்சுதான் திருடினான்னு ரோட்டுல சண்டை, ஞாயம் சொல்ல வர்றான் ஒரு பாசுபதன், ஒருத்தனுக்கும் உருப்படியா யோசனை வரலை. கடைசியில பாத்தா அதைத் தூக்கிக்கினு போனது ஒரு நாயி. ஜெஜூரி கோயில்ல ஒரு நாயி, காஞ்சிபுரத்துல ஒரு நாயி. நடுவுல ஆயிரத்து முந்நூறு வருசம் ஓடியிருக்குது. ரெண்டு பேருக்கும் அது கண்ணுல பட்டுச்சு. உன் காசியில எத்தனை நாயி இருந்துச்சு சொல்லு? நான் பாத்த படித்துறையில எண்ணி மாளலை, ஒண்ணு உங்க ஆயாவோட பூரியைத் தூக்கிக்கினு ஓடுச்சு, அதுக்கு அவ விட்ட வசவு கங்கைக்கு அந்தாண்ட கரை வரைக்கும் போச்சு. உன் மௌனம் அந்த வசவுல பொசுங்கிப் போயிருக்கும்.

வாரணாசியில பழகினவங்களும் இப்படித்தான் எழுதியிருக்காங்க. இந்தியில கேதார்நாத் சிங், ஞானபீடம் வாங்கினவர், பனாரஸ்னே ஒரு கவிதை. ஊருக்குள்ள வசந்த காலம் எப்படி நொழையுதுன்னு சொல்றாரு. கங்கையிலேருந்து வரலை, கோபுரத்துலேருந்து வரலை. லஹர்தாரா, மடுவாடீஹ்னு ஊர்க்கோடி பேட்டைங்க பக்கத்துலேருந்து ஒரு புழுதிக் காத்து கெளம்பி வருது. நம்ம கணக்குக்கு அண்ணாமலைக்குள்ள கீழ்பென்னாத்தூர்ப் புழுதியோட போறான்னு வெச்சுக்க. பிச்சைக்காரங்க கிண்ணத்துல வசந்தம் எறங்குதுன்னு அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்றாரு, அந்தப் புழுதி மொதல்ல வந்ததால நான் அதையும் ஒத்துக்கிட்டேன்.

வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் போவலாம்னு இருக்கேன், நீயும் வா. அம்மன் ஊஞ்சல்ல உக்காருற ராத்திரி, சனம் தரையில மண்ணு தெரியாம உக்காந்திருக்கும். போனை ஆயாகிட்டக் குடுத்துடு. எந்தச் சொல்லை அங்க விடப் போறன்னு இப்பவே முடிவு பண்ணிக்க, பாவக்காய் கணக்கு ஆவாது. மௌனத்தை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு மறுநாளே நிசப்தம்னு எழுதக் கூடாது. உங்க பெரியாயா காசியில கத்திரிக்காயை விட்டுட்டு வந்து, சந்தையில வழுதுணங்கா இருக்குதான்னு கேட்டவ. அந்த ரத்தம்தானே உனக்கும்.

நேரா வர்ற ஸ்பெஷல்ல ஏறிடாதே. செஞ்சியில எறங்கு, மலையனூர் டவுன் வண்டி மாறிப் போவலாம். எனக்குப் பாஸ் இருக்குது, ஆயாவுக்கு இலவசம். காசு குடுத்து டிக்கெட்டு வாங்கப் போற ஆளு நீ ஒருத்தன்தான், சில்லறையா எடுத்துக்கினு வா.